மரணப் பதிவேட்டில் என் அம்மா

என் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தாள் என்றுதான் நாற்பத்திரண்டு வருஷம் நம்பியிருந்தேன். அப்போது எனக்கு நாலு வயது. அவள் முகம்கூட நினைவில் இல்லை. போட்டோவும் கிடையாது. அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

போன வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு காலை நேரம், எங்கள் மகள் ஊர்க்குளத்தில் நீந்திக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. நாங்கள் கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னையும் தக்காளியும் வைத்திருக்கிறோம். தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். அவள் அப்பாதான் கற்றுக்கொடுத்தது. எனக்கு நீச்சல் தெரியாது. நான் கரையில் துணி அலசிக்கொண்டு அவளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். இக்கரைக்கும் அக்கரைக்கும் நாலு தடவை போய்விட்டு ஐந்தாவது தடவை திரும்பிவந்தாள். நடுக்குளத்தில் கைகள் நின்றன. கத்தவில்லை, தத்தளிக்கவில்லை. சும்மா நின்று, முகம் கீழே போய், முதுகு மட்டும் தெரிந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எத்தனை நொடி போனதோ, அதை மட்டும் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் வரப்பில் வந்துகொண்டிருந்தார். நான் கூப்பிட்ட கூப்பாட்டில் செருப்போடு குதித்தார். கரைக்கு இழுத்துவந்து கவிழ்த்துப் போட்டபோது மகளின் உதடு நீலமாக இருந்தது. தண்ணீர் கக்கினாள், இருமினாள், கண் திறந்தாள். "என்னம்மா ஆச்சு?" என்று அவள்தான் என்னைக் கேட்டாள்.

பொள்ளாச்சியில் முதலில் காட்டினோம். அங்கிருந்த டாக்டர் ஈசிஜி தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, கோயமுத்தூருக்குப் போகச் சொன்னார். கோயமுத்தூர் டாக்டர் என் வயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். பெண்ணின் இதயத்தில் ஓட்டையோ அடைப்போ இல்லை, அதில் ஓடுகிற மின்சாரத்தில்தான் கோளாறு என்றார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அது மறுபடி தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுதலாக இருக்கிறதாம். நீந்தும்போதும் ஓடும்போதும் தாளம் தப்பினால் ஆள் மயங்கிவிடுமாம். தானாகவே தாளம் திரும்பினால் எழுந்துகொள்வார்களாம். திரும்பாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கீழே ஒரு வட்டம் போட்டார். அது என் மகள். மேலே எங்கள் இருவரையும் போட்டார். இது பிறப்பிலேயே வருவது, பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து இறங்கியிருக்கும் என்றார். சொந்தத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள், வலிப்பு வந்தவர்கள், நீச்சல் தெரிந்தும் தண்ணீரில் போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் பக்கம் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். என் அப்பாவும் எழுபத்தெட்டில், படுக்கையில், எங்கள் கண்முன்னால்தான் போனார். அவருடைய அண்ணன் தம்பிகள் இன்னும் இருக்கிறார்கள். அம்மாவைப் பற்றிக் கேட்டதும், மஞ்சள் காமாலை, இருபத்தாறு வயது என்றேன். டாக்டர் எழுதப் போன பேனாவைக் கொஞ்சம் நிறுத்தினார். எங்கள் இரண்டு பேருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். என் வீட்டுக்காரருடையது சரியாக இருந்தது.

"உங்களோடதுலயும் கொஞ்சம் தெரியுதுங்க" என்றார் டாக்டர் என்னிடம். "உங்கம்மா எப்படி இறந்தாங்கன்னு ஏதாவது கடுதாசி இருந்தாக் கொண்டாங்க. அதைவிட முக்கியம், அவங்க கூடப் பொறந்தவங்க எங்க இருக்காங்கன்னு பாருங்க. அவங்க குழந்தைகளுக்கும் சொல்லணும்."

அம்மாவின் கூடப் பிறந்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இருந்தார்களா என்பதே தெரியாது.

அன்றிலிருந்து பயம் எங்களோடு வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது. மகளுக்குக் காலையும் மாலையும் மாத்திரை. எனக்கும் அதே மாத்திரை. எந்தெந்த மருந்தெல்லாம் சாப்பிடக் கூடாது என்று ஒரு நீளமான பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதைச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டினேன். மகள் குளிக்கப் போனால் கதவைத் தாழ்ப்பாள் போடாதே என்பேன். தண்ணீர் விழும் சத்தம் நின்றால் என் கை நின்றுவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்பே வாய் உலர்ந்துவிடும். வெயிலில் வரப்பேறி நடக்கும்போது என் நெஞ்சு படபடத்தால், இது நடையினாலா அதனாலா என்று அப்படியே உட்கார்ந்துவிடுவேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்க வீட்டில் ஒரே ஆள்தான் இருந்தாள். என் அப்பா இரண்டாவதாகக் கட்டியவள். நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. என்னை வளர்த்தது அவள்தான். அப்பா போன பிறகு, கோவிந்தாபுரம் பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கிறாள்.

கோயமுத்தூரிலிருந்து வந்த மறுநாள் அவளிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் போனவர்கள் என்று நான் சொன்ன இடத்தில் கை நின்றது. "நெசத்தச் சொல்லுங்க சின்னம்மா" என்றேன்.

"உங்கப்பன் என்ற கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாரு கண்ணு" என்றாள். "காமாலையெல்லாம் ஒண்ணுமில்ல. உங்கம்மா கெணத்துல போயிட்டா."

நான் விழுந்தாளா என்று கேட்டேன்.

"உழுந்தாளா குதிச்சாளான்னு ஆருக்குத் தெரியும். உச்சி வெயில் நேரம், ஆளில்ல. சீலைய மடிச்சு மேல்படியில வெச்சு, அதுமேல ஒரு கல்லும் வெச்சிருந்தாளாமா. அத்தன நிதானமா ஆரு வெப்பா, சாவறதுன்னு முடிவு பண்ணுனவதான் வெப்பான்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க. நான் பாக்கலீங் கண்ணு. நான் அதுக்கப்பறம் வந்தவ."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. பயம்தான். நாலு வயதுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஒருத்தி கிணற்றில் இறங்கிப் போக முடியும் என்றால், அந்தப் பிள்ளை அப்படி என்ன செய்தது என்று யோசித்தேன். நாற்பத்தாறு வயதில் இப்படி யோசிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அப்பா என்னை எந்தத் தண்ணீர்ப் பக்கமும் விட்டதில்லை. கூட விளையாடும் பிள்ளைகள் வாய்க்காலில் குதிக்கும்போது நான் மட்டும் கரையில் நிற்பேன். ஒருமுறை இறங்கிவிட்டேன் என்று காலில் விளாறால் அடித்தார். கோபக்காரர் என்று நினைத்திருந்தேன். அந்தக் கிணற்றையும் மண் கொட்டி மூடி, அதன்மேல் மாட்டுக்கொட்டகை கட்டியிருந்தார். அந்தக் கொட்டகையில்தான் நான் பால் கறக்கக் கற்றுக்கொண்டேன்.

அப்பா வீட்டு எல்லைக்குள் நடந்த சாவு என்பதால் அந்தப் பஞ்சாயத்து ஆபீசில்தான் பதிவு இருக்க வேண்டும். முதலில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடையில் தேடிப் பார்த்தோம். அம்மா பெயரை எப்படி அடித்தாலும் எதுவும் வரவில்லை. பெயர் தப்பாக ஏறியிருக்கும், நேரில் போய்க் கேளுங்கள் என்றார் கடைக்காரர்.

பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு இறப்பு பார்க்கிற கிளார்க் இளவயதுக்காரர், மலையாளி. நன்றாகத் தமிழ் பேசினார். வருஷம் மட்டும் தெரியும், தேதி தெரியாது, கோடைக்காலம் என்றேன். விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டு, உள்ளே போய், அட்டை பிய்ந்த ஒரு பெரிய ரெஜிஸ்டரை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். எல்லாம் மலையாளக் கையெழுத்து, ஊதா மை. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அச்சு மலையாளம் படித்துவிடுவேன், கையெழுத்து ஓடாது. அவர் விரலை வைத்துக் கீழே இறங்கிக்கொண்டே போனார். கிடைக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆனால் அந்த ஆபீசில் நின்றபோது, கிடைக்காமல் போனால் தேவலை என்றிருந்தது.

ஏழாவது பக்கத்தில் விரல் நின்றது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. புருஷன் பெயரும் வீட்டுப் பெயரும் சரி. வயது இருபத்தாறு. மரண காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல். அவர் வாய்விட்டுப் படித்தார். முங்ஙி மரணம். நீரில் மூழ்கிச் சாவு.

ஆத்மஹத்யா, அதாவது தற்கொலை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவர் மறுபடி கேட்கச் சொன்னார்.

"இல்ல சேச்சி. அப்படின்னா அப்படியே எழுதுவாங்க. ஆனா அந்தக் காலத்துல சில வீட்டுக்காரங்க கெஞ்சினா மாத்தி எழுதுறதும் உண்டு. இதுல இருக்கறது இவ்வளவுதான்."

போலீஸ் ஸ்டேஷனில் அந்த வருஷத்துத் தாள்கள் எதுவும் இல்லை என்று என் வீட்டுக்காரர் விசாரித்து வந்து சொன்னார். ஆக, கையில் இருந்தது அந்த இரண்டு சொல் மட்டும். எப்படிப் புரட்டினாலும் அதற்கு இரண்டு அர்த்தமும் வந்தது.

அடுத்து இருந்த ஒரே வழி என்னுடைய பிறப்புச் சான்றிதழ். அதில் பிறந்த இடம் மூணாறுப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி என்றிருந்தது. அப்பா அந்தக் காலத்தில் லாரி ஓட்டினார், வட்டவடையிலிருந்து கோஸும் கேரட்டும் ஏற்றிப் பொள்ளாச்சிச் சந்தைக்குக் கொண்டுவருவார், மலைமேல்தான் அம்மாவைப் பார்த்தார், தன் வீட்டில் யாருக்கும் பிடிக்காமல் அங்கேயே ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு கூட்டி வந்தார், பிரசவத்துக்கு அம்மா மலைக்கே போயிருந்தாள் என்று சின்னம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரெஜிஸ்டர் கல்யாணம் என்றால் அம்மாவின் அப்பா பெயர், வீட்டு முகவரி, சாட்சிகள் எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர்.

மகளைச் சின்னம்மாவிடம் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே வரவில்லை. கூட்டிப் போகவும் பயம். மலையில் அவளுக்கு ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது? கடைசியில் விட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். அரை மணிக்கு ஒருதரம் போன் செய்வேன் என்று சொல்லிவைத்தேன். உடுமலை தாண்டும்வரை செய்தேன். சின்னாறு காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. அந்தப் பாதையில் யானை நின்றால் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு யானை எதுவும் வரவில்லை. இருந்தாலும் எனக்கு அந்தக் காடு முடியவே இல்லை.

மறையூரை நெருங்கும்போது போன் உயிர்பெற்று மடியில் துடித்தது. சின்னம்மாவிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள். நான் திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். "நீ பயந்துக்காத" என்றார். நான் கதவைத் திறந்து கீழே இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்று தெரியாது. வந்த வழியே நடந்து திரும்பிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

நாலாவது தடவை சின்னம்மா எடுத்தாள். பிள்ளைக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகுகிறது, போர்த்திக்கொண்டு தூங்குகிறாள், அலமாரியில் இருக்கும் சளி மாத்திரையைக் கொடுக்கலாமா, சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைத் தனக்குப் படிக்கத் தெரியாதே, அதனால் கேட்கத்தான் கூப்பிட்டதாகச் சொன்னாள். இப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாளாம். எதையும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

மலைமேல் இருந்த அந்த ரெஜிஸ்டர் ஆபீஸ் சின்னக் கட்டடம். குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். நான் பிறந்த வருஷத்திலிருந்து பின்னோக்கி மூன்று வருஷம் தேடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு அங்கிருந்த பெண் கிளார்க் எங்களைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு தடித்த புத்தகம் திறந்திருந்தது. நகலுக்கு நாள் ஆகும், இப்போதைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பிவைத்தார்.

"அம்மையோட ஒப்பாணு" என்றார். அம்மாவின் கையெழுத்து.

தமிழில் போட்டிருந்தாள். எழுத்துகள் பெரிசு பெரிசாக, கோட்டுக்கு வெளியே போயிருந்தன. கடைசி எழுத்தின் புள்ளியை மறந்துவிட்டு, பிறகு வேறு மையில் வைத்திருந்தாள் போல. அம்மா தொட்ட ஏதோ ஒன்றை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தொடலாமா என்று கேட்கப் பயமாக இருந்தது. அந்தப் பெண் புரிந்துகொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு விரலால் தொட்டுவிட்டு எடுத்துவிட்டேன்.

சாட்சிகளில் முதல் பெயர் அம்மாவின் தம்பி. முகவரியில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் எண் எல்லாம் இருந்தது. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள்.

அந்த லயத்தில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். ஆனால் பெயரைச் சொன்னதும் மேல் வரிசையில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். அறுபது வயதுப் பெண் ஒருத்தி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லத் தொடங்குவதற்கு முன்பே அவள் கையிலிருந்த விறகு கீழே விழுந்தது. நான் அம்மா ஜாடை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவள் அம்மாவின் ஒரே தங்கை. எனக்குச் சித்தி.

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கக்காவக் கொன்ன வீட்டுல இருந்து ஆளு வந்துருக்கா" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்.

மலைக்கு வந்த சேதி அப்படித்தான் இருந்திருக்கிறது. அவள் கிணற்றில் குதித்துவிட்டாள் என்று யாரோ சொல்ல, அப்படியென்றால் அந்த வீட்டில் அவளை அந்த அளவுக்குக் கொடுமை செய்திருக்கிறார்கள் என்று இவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அப்பா ஒருமுறை என்னைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இரண்டு பக்கமும் ஒரே பொய்யை நம்பிக்கொண்டு, ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்காமலே நாற்பத்திரண்டு வருஷம் ஓடியிருக்கிறது.

நான் வாசலில் நின்றபடியே என் மகளைப் பற்றிச் சொன்னேன். குளம், நின்றுபோன கைகள், டாக்டர், மாத்திரை எல்லாம். சித்தி கேட்டுக்கொண்டே இருந்தவள், மெல்ல விறகின்மேல் உட்கார்ந்தாள்.

"எங்கக்கா ஆத்துல ரெண்டு தடவ அப்பிடிக் கெடந்தாளே" என்றாள். "அருவிக்குக் கீழ. அவ மாதிரி நீந்த இந்த லயத்துல ஆம்பளயே கெடையாது. நல்லா நீந்திக்கிட்டே இருப்பா, அப்பிடியே மொகங் கவுந்துரும். எங்கண்ணந்தான் இழுத்துப் போட்டான். வலிப்புன்னு சொல்லிச் சாவியக் கையில குடுத்து வச்சோம்."

கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அந்த மாமாவும் இல்லை. முப்பத்தோரு வயதில், கல்யாணம் ஆவதற்கு முன்பே, தோட்டத்து மைதானத்தில் பந்து விளையாடும்போது விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. யாரும் அதைக் கிணற்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. எதற்குச் சேர்க்கப் போகிறார்கள்?

எனக்குக் கேட்க இன்னும் ஒன்று இருந்தது. கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன். கிணற்றுப் படியில் அம்மா சேலையை மடித்து வைத்து, அதன்மேல் கல்லும் வைத்திருந்தாளாமே என்றேன்.

சித்தி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "பின்ன வைக்காம? ஆத்துல எறங்குறப்ப எப்பவும் அப்பிடித்தான வைப்பா. காத்துல சேல பறந்துரும்ல. நாங்க எல்லாருமே அப்பிடித்தான் வைப்போம்."

நான் அப்படியே அந்த ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாங்காமல் குளிக்க இறங்கியிருக்கிறாள். காற்று வந்தால் சேலை போய்விடுமே என்று கல் வைத்திருக்கிறாள். திரும்ப ஏறி வந்து கட்டிக்கொள்ளத்தான் அதை வைத்தாள். நாலு வயதுப் பிள்ளை வீட்டில் இருக்கிறது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. சித்தி எழுந்து வந்து என் தலையில் கை வைத்தாள். பிறகுதான் உள்ளே கூப்பிட்டாள், பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள்.

அதைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த பயம் வந்து உட்கார்ந்தது. சித்திக்கு ஒரே மகன். முப்பத்திரண்டு வயது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலை உச்சிக்கு ஜீப் ஓட்டுகிறான். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வந்து சேர்ந்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று இருக்கிற அந்த வழியில், பின்னால் ஆறேழு பேரை வைத்துக்கொண்டு இவன் ஒரு நொடி மயங்கினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். சித்தியும் மகனும் இருவருமே ஈசிஜி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டான். எனக்கு ஒண்ணும் இல்லக்கா, கல்லு மாதிரி இருக்கேன் என்றான்.

ஊர் திரும்பிய பிறகு வாரம் ஒருமுறை அவனுக்குப் போன் செய்தேன். போறேங்க்கா என்பான். சீசன் முடியட்டும் என்பான். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டான். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து வந்து சாவைச் சொல்லிவிட்டுப் போனவளை யார்தான் விரும்புவார்கள்? ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே. தெரிந்தும் சும்மா இருந்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், என்னால் அதைச் சுமக்க முடியாது. மலையில் ஜீப் கவிழ்ந்தது என்று செய்தியில் வரும்போதெல்லாம் வண்டி எண்ணைப் பார்ப்பேன்.

கடைசியில் சித்திதான் அவனைக் கிளப்பினாள். இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாளாம். இருவரும் கோயமுத்தூருக்கு வந்தார்கள், நாங்களும் போனோம். மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பி, பதில் வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் ஜீப்பை எடுக்க மாட்டேன் என்று அவன் தன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். சும்மா உட்கார்ந்திருந்ததில் அவனுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. தினமும் அவனே எனக்குப் போன் செய்து, அக்கா, நெஞ்சு அடிக்குற சத்தம் காதுல கேக்குது, இது அதுதானா என்று கேட்பான். இல்லப்பா, எனக்கும் அப்படித்தான் கேட்குது, பயந்தால் எல்லோருக்கும் கேட்கும் என்பேன்.

பதில் வந்தது. எனக்கும் என் மகளுக்கும் இருப்பது சித்திக்கும் இருந்தது. நாற்பது வருஷம் முதுகில் கொழுந்துக்கூடையோடு மேடு ஏறி இறங்கியவள், ஒருநாள்கூட விழாதவள். சிலருக்கு அப்படியும் அமைந்துவிடும் என்றார் டாக்டர். மகனுக்கு இல்லை. அவனுக்கு இல்லை என்றால் அவன் குழந்தைக்கும் வராது. அதைக் கேட்டதும் அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சித்தி தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பேத்திக்கு வராது என்பதை மட்டும் டாக்டரிடம் மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள்.

உங்களுக்கு நீச்சல் தெரியாமல் போனதுகூட நல்லதாகிவிட்டது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். எதற்கு என்று தெரியாமலே அப்பா என்னைத் தண்ணீரிலிருந்து விரட்டி விரட்டிக் காப்பாற்றியிருக்கிறார். ஊர் சொன்னதை அவரும் நம்பினாரா, நம்பாமல் இருந்தாரா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. சின்னம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் வெகுநேரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பாரம் இறங்கியதா கூடியதா என்று எனக்குத் தெரியவில்லை.

பஞ்சாயத்து ஆபீசுக்கு மறுபடி போய், மரண காரணத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். அன்றைக்கு டாக்டர் யாரும் எழுதிக் கொடுக்காததை இன்று மாற்ற முடியாது, பெயரில் உள்ள பிழையை வேண்டுமானால் திருத்தலாம் என்றார் அதே கிளார்க். கல்யாணப் பதிவின் நகலைக் காட்டி, அந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்தி வாங்கினேன்.

போன வாரம் மகளுக்கு மாலை மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளில் அவள் தன்னைப் பற்றி எதுவுமே கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"எனக்குக் கொழந்த பொறந்தா அதுக்கும் வருமாம்மா?"

வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் வீட்டில் சொன்ன பொய்கள் போதும். பிறந்த உடனே பார்த்துவிடலாம், அதற்கு மருந்து இருக்கிறது, நமக்குத் தெரியும் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் படிக்கப் போனாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் பேச்சு தைரியமாகத்தான் இருந்தது. கை மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது.